பத்தொன்பதாவது கேள்வி

பெயர் எழுத வேண்டாம் என்று பேராசிரியர் மூன்றாவது முறை சொன்னபோதுதான், தன் கை தாளின் மேல்மூலையில் ‘மா’ என்று எழுதிவிட்டு நிற்பது மாரிச்செல்விக்குத் தெரிந்தது. தாள் கைக்கு வந்தால் முதலில் பெயர், பிறகுதான் மற்றது. பள்ளிக்கூடம் போட்டுவிட்ட பழக்கம். அந்த ஓரெழுத்தைப் பேனாவால் தேய்த்துத் தேய்த்து ஒரு நீலக் கட்டமாக்கினாள். அது இன்னும் அதிகமாகக் கண்ணில் பட்டது. மணி இரண்டேகால். மெஸ்ஸில் தின்ற மோர்ச்சோறு இமைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நூற்றைம்பது பேரும் படிப்படியாக ஏறிப்போகும் அந்தப் பெரிய வகுப்பறையில் சரிந்து கிடந்தார்கள். மேலே எட்டு மின்விசிறிகள், அதில் ஒன்று மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல ஒரு சத்தம். பச்சைத் தாள் ஒட்டிய கண்ணாடிச் சன்னல் வழியாக வந்த வெயில் எல்லார் முகத்தையும் குளத்துக்குள் கிடப்பவர்களுடையதுபோல ஆக்கியிருந்தது. சமூக மருத்துவத் துறையில் ஓர் ஆய்வாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போவதுபற்றி மருத்துவ மாணவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது, அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள். இருபத்தைந்து கேள்வி, நாற்பது நிமிடம். "இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது, மனசுல பட்டதை டிக் பண்ணுங்க," என்றார் பேராசிரியர். மனசில் பட்டது என்றால் அவளுக்கு ஒன்றுதான் பட்டது. எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பெண்கள் பொது மருத்துவ வார்டில், கதவிலிருந்து ஆறாவது கட்டிலில் அவளுடைய சித்தி சண்முகக்கனி காய்ச்சலோடு கிடந்தாள். காலையில் நூற்று மூன்று. ரத்த அழுத்தம் நேற்று நூற்றுப்பத்து இருந்தது, இன்று காலை தொண்ணூறு. தொண்ணூறு என்று செவிலியர் சொன்னதும் மாரிச்செல்வி தானே ஒருமுறை பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். தொண்ணூறுதான். அதை வகுப்புக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், கடைக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டு போவதுபோல.

முதல் கேள்வி சுலபம். எதிர்ப்புத் திறன் அடைவது எது: மனித உடலா, கிருமியா. கிருமி. டிக். சித்தியிடம் கேட்டால் உடம்பு என்றுதான் சொல்வாள். "உடம்புக்கு மாத்திரை பழகிப்போச்சுத்தா, வேற ஏதாச்சும் சொல்லு" என்றுதான் நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ போனில் சொன்னாள். பழகிப்போச்சு. எவ்வளவு சாதுவான சொல். பக்கத்து வீட்டு நாய் பழகிப்போகும், புதுச் செருப்பு காலுக்குப் பழகிப்போகும். பழகியது உடம்பில்லை சித்தி, உள்ளே இருக்கிற கிருமி என்று அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. வேறு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். இரண்டாவது கேள்வி, வைரஸ் காய்ச்சலுக்கு இந்த மருந்துகள் கேட்குமா. கேட்காது. டிக். மூன்றாவது, நான்காவது. பேனா தானாக நகர்ந்தது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முதல்முதலாக அந்த வட்டத் தட்டைக் கையில் வாங்கியது நினைவுக்கு வந்தது. தட்டு முழுவதும் கிருமி மெல்லிய பனிபோல் படர்ந்திருக்கும். அதன்மேல் மருந்து நனைத்த காகித வில்லைகள், சட்டைப் பொத்தான் அளவில், ஆறு. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் விழும், அங்கே கிருமி இருக்காது. அன்று அவளுக்குக் கிடைத்த தட்டில் நான்கு வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. பனி பொத்தான்வரை வந்து, பொத்தானைத் தொட்டு, அதன்மேல் ஏறவும் பார்த்தது. அவளுக்குச் சித்தியின் தையல் மிஷின் மேசைதான் ஞாபகம் வந்தது. வெள்ளை லைனிங் துணி விரித்து, அதன்மேல் பொத்தான்களைப் பரப்பி, எது ஜோடி சேரும் என்று சித்தி பார்த்துக்கொண்டிருப்பாள். சாத்தூரில் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்துதான் மாரிச்செல்வி நீட் தேர்வுக்கு இரண்டு வருடம் படித்தாள். வீட்டில் தம்பிகள் சத்தம். சித்தி வீட்டில் மிஷின் சத்தம் மட்டும். மிஷின் சத்தத்தில் மனப்பாடம் நன்றாக ஏறும். அவள் உரக்கப் படிக்கப் படிக்க, சித்தி மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள், ஒரு சொல் பிடித்துப்போனால் மட்டும் கால் நிற்கும். "மைட்டோகாண்ட்ரியா. இன்னொருக்கச் சொல்லு." சொன்னதும் கால் ஓடும். புருஷன் போய்ப் பதினாறு வருடமாகியும் அந்த அறைக்குள் வேறு யாரையும் உட்கார விடாதவள், அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு, முதுகுக்குத் துண்டுத் துணிகளை அடைத்து ஒரு தலையணையும் தைத்துப் போட்டிருந்தாள்.

ஐந்து, ஆறு, ஏழு. எந்த மருந்து எந்தக் கிருமிக்கு. இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மருந்தியலில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் அவளுக்கு. அந்த இரண்டாம் வருடத்தில்தான் முதல் போன் வந்தது. மாலை ஆறு மணி, விடுதி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி குரலைத் தாழ்த்திப் பேசினாள், வீட்டில் தனியாகத்தான் இருந்தாள், இருந்தாலும். "ஒண்ணுக்குப் போனா எரியுதுத்தா. மூணு நாளா. ஆம்பள டாக்டர்ட்டப் போயி இதை எப்படிச் சொல்லுறது. உங்கிட்டன்னா சொல்லலாம்." உங்கிட்டன்னா சொல்லலாம். சர்க்கரை வியாதி இருக்கிற பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தாள். படித்தது ஒரு மனுஷியின் குரலில் போனில் வந்து நின்றதும் உடம்பெல்லாம் ஒரு வெதுவெதுப்பு. பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பெண் டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கவில்லை. மாத்திரையின் பெயரைச் சொன்னாள். சித்திக்கு எழுத வரவில்லை என்றதும் மருந்துக்கடைக்குப் போய் அண்ணாச்சியிடமே போனைக் கொடுக்கச் சொல்லி அவரிடம் சொன்னாள். அவர், "சரிங்க டாக்டரம்மா" என்றார். அவளை முதல்முதலாக அப்படிக் கூப்பிட்டவர் அவர்தான். இரண்டு மணி நேரப் பயண தூரத்தில், தன் வாயிலிருந்து போன ஒரு சொல், ஒரு கடையின் அடுக்கிலிருந்து ஓர் அட்டையை இறக்கி, சித்தியின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு உள்ளே போய், மறுநாள் எரிச்சலை நிறுத்திவிட்டது. "மந்திரம் போட்டாப்ல நின்னுருச்சுத்தா." அன்று இரவு விடுதியில் எல்லோருடனும் சிரித்துச் சிரித்துப் பேசினாள், காரணம் சொல்லாமல். மூன்று நாள் மாத்திரையோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சித்தி எடுத்துவைத்துக்கொண்டதும், இரண்டரை மாதம் கழித்து எரிச்சல் திரும்பி வந்ததும், அப்போது வேறொரு பெயர் சொன்னதும், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது, எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே மாலைப்பொழுதாகத்தான் நினைவில் இருக்கிறது. மொட்டைமாடி, ஈரத்துணி, தாழ்ந்த குரல், டாக்டரம்மா. ஒருமுறைகூட அவளுக்குத் தான் தப்புச் செய்கிறோம் என்று தோன்றவில்லையா. தோன்றியது. தோன்றியதும் புத்தகத்தைத் திறந்து, சொன்ன மாத்திரை சரிதானா என்று பார்ப்பாள். சரியாக இருக்கும். மூடிவிடுவாள்.

"பதினொண்ணுக்கு என்ன போட்ட?" பக்கத்திலிருந்த ரெபேக்கா முழங்கையால் இடித்தாள். அறைத்தோழி. உதடு அசையாமல் பேசுவதில் கைதேர்ந்தவள். மாரிச்செல்வி தாளைச் சற்று நகர்த்திக் காட்டினாள். முன்வரிசையில் யாரோ பின்னால் திரும்பிப் பார்த்ததும் பேராசிரியர் சலிப்பாகச் சொன்னார், "பேரே இல்லாத தாள்லயும் காப்பி அடிச்சா நான் என்ன பண்றது." வகுப்பு முழுக்கச் சிரித்து, சிரிப்பு அந்தப் பச்சை வெளிச்சத்தில் மெதுவாக அமுங்கிப்போனது. மின்விசிறி சப்புக்கொட்டியது. அவள் இமையை ஒரு நிமிடம் மூடினாள். மூடியதும் வார்டு. நேற்றுக் காலை. கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள், மேற்படிப்பு மருத்துவர் டாக்டர் யாஸ்மின், கையில் நோயாளியின் குறிப்புத் தாள். முதுகில், விலாவுக்குக் கீழே, அவர் லேசாகத் தட்டியதும் சித்தி துள்ளினாள். சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "இதுக்கு முன்னாடி இதுக்குன்னு ஏதாவது மாத்திரை எடுத்தீங்களாம்மா? மெடிக்கல்ல வாங்கி?" சித்தியின் கண் டாக்டரைத் தாண்டி, கோட்டுகளைத் தாண்டி, கால்மாட்டில் நின்ற அவளிடம் வந்தது. ஒரு கணம்தான். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தவள் அவ்வளவு தெளிவாகச் சொன்னாள், "இல்லம்மா. கை வைத்தியந்தான். வெந்தயமும் மோரும்." வெந்தயமும் மோரும். அதை எப்போது யோசித்து வைத்தாள். சாத்தூரிலிருந்து அப்பா அவளைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்த பேருந்திலா. டாக்டர் யாஸ்மின் திரும்பி, "நீ நம்ம ஸ்டூடண்ட்தானே? உன் சித்தியா? ஒண்ணும் எடுக்கலயில்ல?" என்றார். மாரிச்செல்வி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் எப்படிப்பட்டது என்றுதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தெரியாது என்றும் சொல்லலாம். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. தலை அசைந்தது, அவ்வளவுதான், காற்றில் எதுவும் அசையும். டாக்டர் எழுதிக்கொண்டார்: முன்பு மருந்து எதுவும் எடுக்கவில்லை. அதை நம்பி, வழக்கமாக முதலில் போடுகிற ஊசியைப் போட்டார்கள். அந்த ஊசியும் சித்தி கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரையும் ஒரே குடும்பம். இரண்டும் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு அடங்காதது தம்பிக்கா அடங்கப்போகிறது.

இதுவும் அவளுக்குத் தெரியும். அதுதான். கடந்த மூன்று மாதத்தில் நோயாளி எடுத்த மருந்து எது என்று கேட்டுவிட்டுத்தான் புது மருந்தை முடிவுசெய்ய வேண்டும். ஏன் என்று விளக்குக, ஐந்து மதிப்பெண். ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள், வலது ஓரத்தில் சிவப்பில் ஒரு சிறிய டிக்கோடு. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. தெரிந்தது எல்லாம் தாளில் சரியான கட்டத்தில் போய் உட்கார்ந்தது. சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு நாளை. நாளை முடிவு வந்தால் எல்லாம் தானே வெளியே வரும், தட்டில் வட்டம் விழாத பொத்தான்கள் தானே சொல்லிவிடும், அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். நாளைவரை. நாளை என்பது எத்தனை மணி நேரம். இன்று மாலை ஓர் ஊசி, நாளை காலை ஓர் ஊசி, தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான் அதைப் போடுவதும் ஒன்றுதான். தொண்ணூறு எண்பதாகும். எண்பது எழுபதாகும். எழுபதுக்குக் கீழே போகிற ரத்த அழுத்தத்தை அவள் பாடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். சொன்னால் என்ன ஆகும். விசாரணை வருமா. கல்லூரியிலிருந்து நிறுத்துவார்களா. அதெல்லாம் பெரிய பயம், பெரிய பயங்களை ஓரளவு சமாளித்துவிடலாம். சின்னது ஒன்று இருந்தது. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவள். முதல் வருடம் உடற்கூறியல் வகுப்பில் அவள் தப்பாக ஒரு நரம்பைச் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு குரல், "ஏழரை," என்றது. ஏழரை சதவீத ஒதுக்கீடு. ஏழரைச் சனி என்றும் கேட்டுக்கொள்ளலாம். யார் சொன்னது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் என்றாகி, மூன்று வருடமாக நூற்று நாற்பத்தொன்பது பேரும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற கோட்டுகளில் ஏழு பேர் அவள் வகுப்பு. அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வாள், இரண்டாம் வருடத்திலிருந்தே நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. சித்திக்கு அது தெரியாது. ஏழரை என்ற சொல்லை அவள் சித்தியிடம் சொன்னதே இல்லை. ஆனால் நேற்று அவள் கண் என்னிடம் வந்ததே. எதைப் பார்த்து அந்தக் கண் வந்தது.

வெயில் சன்னலின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருந்தது. பதினைந்து. பதினாறு. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருக்கிற அந்த வழவழப்பான இடத்தில் அவள் சித்தியின் அறையில் இருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மிதிக்க ஆள் இல்லை. ஊசிக்கு அடியில் துணி போய்க்கொண்டே இருந்தது, வெள்ளைத் துணி, நீளமாக, அறையை விட்டு வெளியே, தெருவில், சாக்கடை ஓடும் வாறுகாலைத் தாண்டி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். அவள் படிப்பது எல்லாம் துணியில் தையலாக விழுந்துகொண்டிருந்தது. நிறுத்து சித்தி, ஒரு சொல் தப்பாகப் படித்துவிட்டேன் என்றாள். சித்தி எங்கிருந்தோ சொன்னாள், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." பேனா கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்த சத்தத்தில் விழித்தாள். யாரும் பார்க்கவில்லை. ரெபேக்கா தன் தாளை முடித்துவிட்டு ஓரத்தில் ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தாள். மாரிச்செல்வி பேனாவை எடுத்து, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று மளமளவென்று டிக் போட்டுக்கொண்டு போய், இருபதில் நின்றாள். இருபதாவது கேள்வி: ஆம் எனில், எத்தனை முறை. எதற்கு ஆம் எனில். கண்ணை மேலே கொண்டுபோனாள். பத்தொன்பதாவது கேள்வி: மருத்துவரின் சீட்டு இல்லாமல் உங்கள் குடும்பத்தாருக்கோ நண்பர்களுக்கோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எப்போதாவது பரிந்துரைத்திருக்கிறீர்களா. அதற்கு எதிரே, ‘இல்லை’ என்ற கட்டத்தில், நீல மையில், நன்றாக அழுத்தி, ஒரு டிக்.

அதை அவள் போட்டதாக ஞாபகமே இல்லை. தலை அசைந்ததுபோலக் கையும் அசைந்திருக்கிறது. அவள் அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகான டிக், வால் மேலே தூக்கி. இந்தத் தாளில் பெயர் இல்லை. இதை யாரும் அவளுடையது என்று சொல்லப்போவதில்லை. ஏழு பேர் கோட்டுப் போட்டு நிற்கவில்லை, பின்னாலிருந்து ஒரு குரலும் வராது. ஆம் என்று போட்டால் எங்கோ ஒரு கணினியில் ஓர் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான். இருந்தும் இல்லை என்று போட்டிருக்கிறாள். அப்படியென்றால் பயம் அவர்கள் யார்மீதும் இல்லை. இவ்வளவு நேரம் ஏழரையை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்திருந்தது இதுதானா. மொட்டைமாடியில் ஈரத்துணியோடு நின்று, மந்திரம் போட்டாப்ல என்று கேட்டு வெதுவெதுத்த ஒருத்தி. அவளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சரியான மாத்திரைதான் சொன்னேன் என்று அவள் இன்னும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வார்டுக் கட்டிலில் கிடப்பவளோ அந்த ஒருத்திக்காகத்தான் வெந்தயமும் மோரும் என்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். காப்பாற்றப்பட வேண்டியவள் கட்டிலில் இருக்கிறாள். டிக்கை அடித்தாள். பக்கத்தில் ‘ஆம்’ போட்டாள். எத்தனை முறை: ஒன்று இரண்டு, மூன்று முதல் ஐந்து, ஐந்துக்கு மேல். முதல் இரண்டு கட்டத்தையும் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு மூன்றாவதில் போட்டாள். இருபத்தொன்றாவது கேள்வி நீளமாக இருந்தது. அதை அவள் படிக்கவில்லை.

எழுந்தபோது பெஞ்சு கிறீச்சிட்டது. ரெபேக்கா நிமிர்ந்து, "எங்கடி?" என்றாள். "வார்டுக்கு." படிகளில் இறங்கி மேசைக்கு வந்து தாளை வைத்தாள். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முடிச்சாச்சா?"

"இன்னும் அஞ்சு இருக்கு சார்."

"அதையும் போட்டுட்டுப் போம்மா. பாதித் தாள் எனக்கு உதவாது."

"சித்தி வார்டுல இருக்காங்க சார். போகணும்." குரல் எப்படி வந்ததோ தெரியவில்லை, அவர் வேறெதுவும் கேட்காமல் தலையசைத்தார்.

வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே தகரக்கூரை போட்ட நடைபாதை, இருபுறமும் நோயாளிகளின் உறவுக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள், பக்கத்தில் டிபன் பாத்திரங்கள், ஒரு குழந்தையின் சிணுங்கல். அவர்கள் காலை மிதிக்காமல் கடப்பதற்காகக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது. மேடம், ஒரு விஷயம். மேடம், நேத்து நீங்க கேட்டப்போ. மேடம், என் சித்தி. நாலாவதாக ஒன்றை யோசிப்பதற்குள் மாடிப்படி வந்துவிட்டது. லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. முதல் மாடியில் பினாயில் வாசனை, இரண்டாவது மாடியில் யாரோ அழுகிற சத்தம், அழுகையும் தொலைவிலிருந்து வருகிற பாட்டைப்போல மேலெழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. ஒருவேளை இப்போது போவதற்குள் காய்ச்சல் தானே இறங்கியிருந்தால். அந்த எண்ணம் எவ்வளவு இதமாக வந்து கையைப் பிடித்தது. இறங்கியிருந்தால் சொல்ல வேண்டியதில்லையே. அதோடு கைகோத்துக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டாள். பிறகு அது மொட்டைமாடியில் நின்றவளின் கை என்று தெரிந்தது, உதறினாள்.

டாக்டர் யாஸ்மின் பணி அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு. ஒரு வாய் எடுத்தவர் அவளைப் பார்த்து நிறுத்தினார்.

"ஆறாவது பெட்தானே உன் சித்தி? என்னாச்சு?"

"மேடம், அவங்க மாத்திரை எடுத்திருக்காங்க." யோசித்து வைத்த தொடக்கம் எதுவும் வரவில்லை. "நான்தான் சொன்னேன். போன்ல. ஒன்றரை வருஷமா. ஏழு தடவை."

டாக்டர் கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு குறிப்புத் தாளை இழுத்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அது மாறியிருந்தால் பரவாயில்லை என்று மாரிச்செல்விக்கு இருந்தது.

"என்னென்ன?"

சொன்னாள். முதல் தடவை எது, இரண்டாவது எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள். ஒன்றுகூட மறக்கவில்லை. ஒப்பிப்பதுபோல வந்தது.

"கடைசியா எது?"

"செஃபிக்ஸிம். மூணு நாள். பதினெட்டு நாளைக்கு முன்னாடி."

பேனா நின்றது. "நாம இப்ப போட்டுட்டிருக்கறது என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அதற்கு அவளிடம் நிறைய விடை இருந்தது. வகுப்பறையில் நாற்பது நிமிடமாக ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாளே. "சொல்லல மேடம்," என்றாள்.

டாக்டர் போனை எடுத்தபடியே, "இந்த ஒரு வரி நேத்துக் கிடைச்சிருந்தா நான் வேற மருந்து போட்டிருப்பேன். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ," என்றார். "நீ லேபுக்கு ஓடு. தட்டுல இதுவரைக்கும் என்ன தெரியுதுன்னு வாய்வார்த்தையாவே கேட்டுட்டு வா. நான் சீஃப்கிட்டப் பேசறேன்."

ஓடினாள், கேட்டாள், வந்தாள். தட்டில் அவள் பயந்ததுதான் இருந்தது. நான்கு மணிக்குள் புது மருந்து குப்பியில் கலந்து சித்தியின் கையில் சொட்டு சொட்டாக இறங்கத் தொடங்கியது. காய்ச்சல் அடங்க இன்னும் இரண்டு நாள் ஆகும், ஆறாம் நாள் சித்தி தானாக எழுந்து கழிப்பறைக்குப் போவாள், சிறுநீரகத்தில் ஒரு சிறு குறை மட்டும் தங்கிவிடும். அது எதுவும் அப்போது இருவருக்கும் தெரியாது. குப்பியில் விழுகிற சொட்டைப் பார்த்தபடி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சித்தியின் உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"சொல்லிட்டியாக்கும்."

"சொல்லிட்டேன்."

"உன்னைய ஏதாச்சும் பேசுனாகளா?"

"இல்ல."

"பேசுனாலும் நீ சொல்ல மாட்ட." சித்தி ஒரு மூச்சு விட்டாள். "நான் பொய் சொன்னவன்னு ஆகிப்போச்சு அந்தப் பிள்ளகிட்ட. நல்லா மொகங் குடுத்துப் பேசுச்சு."

"நான்தான் சித்தி பொய் சொன்னேன்."

சித்தி தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாசனை வந்தது. அந்த வாசனையிலேயே சற்று நேரம் மிதந்துகொண்டிருந்தாள், எதையும் நினைக்காமல், இரண்டு நாளில் முதல்முறையாக. அப்போது சித்தி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள்.

"செல்வி. அப்ப அந்த மாத்திரையெல்லாம் வெறும மூணு நாளு சாப்பிட்டு விடக்கூடாதா?"

"எதையும் நீயா சாப்பிடவே கூடாது சித்தி. நான் சொல்லியிருக்கவே கூடாது. ஏன் கேக்குற?"

"இல்ல, மிச்சம் இருந்துச்சுல்ல." சித்தியின் விரல் போர்வையின் ஓரத்தைப் பிரித்து மடித்தது, மடித்துப் பிரித்தது. "ஜாக்கெட் குடுக்க வர்றவளுக யாராச்சும் எரியுது, காந்துதுன்னு சொன்னா, எம் மக சொன்ன மாத்திரை, மந்திரம் மாதிரி கேக்கும்னு ரெண்டு ரெண்டு குடுத்து விடுவேன். தீந்துபோச்சுன்னா பேரச் சொல்லி அண்ணாச்சி கடைக்கு அனுப்புவேன். அவரும் டாக்டரம்மா மாத்திரையான்னு கேட்டுக் குடுப்பாரு. எல்லாருக்கும் கேட்டுச்சுத்தா. ஒரு பிள்ளைக்கு இருமலு, அதுக்கு மட்டும் பாதி பாதியா ஒடச்சுக் குடுக்கச் சொன்னேன்."

மாரிச்செல்விக்கு முதலில் அது புரியவில்லை. பிறகு புரிந்தது. குப்பியில் சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. கோட்டுப் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள். எழுதத் தாள் இல்லை. மருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தை முழங்காலில் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினாள்.

"யார் யாருக்குக் குடுத்த சித்தி?"

"அது நெறைய ஆச்சே. ஒன்றரை வருசமா."

"அவசரமில்ல. ஒவ்வொருத்தரா நெனச்சுச் சொல்லு. எந்த மாத்திரை, எப்பன்னும் சொல்லு. நம்பர் இருந்தா இன்னைக்கே நான் பேசுறேன்."

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி சுருங்கியது. காய்ச்சலில் உலர்ந்த உதடுகள் மெதுவாக அசைந்தன, சத்தமில்லாமல், மனசுக்குள் தன் தெருமுனையிலிருந்து நடக்கத் தொடங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று.